பேலா லுகோசி: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் பழைய பேய்ப்படங்களைப் போட்டுப் பார்க்கிற சிறு கூட்டம் எங்களுடையது. படம் முடிந்து லைட்டைப் போட்டதும் வரும் கேள்விகளில் பாதி பேலா லுகோசியைப் பற்றித்தான் இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மாதிரி கேட்பார்கள், ரிட்டயர் ஆன வாத்தியார்கள் வேறு மாதிரி கேட்பார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதி வைத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

யாரு அண்ணாச்சி இந்த ஆளு? எதுக்கு இவர் படமாவே போடுதீங்க?

டிராகுலா என்றதும் வழித்துச் சீவிய முடியும், அசையாமல் முறைக்கும் கண்ணும், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து நிறுத்திப் பேசும் குரலும் நினைவுக்கு வருகிறதா? அந்த மூன்றும் 1931-ன் ஹாலிவுட் டிராகுலா படத்தில் நடித்த இவருடையவை. பின்னால் வந்த டிராகுலாக்கள் இவரைப் பின்பற்றினார்கள், அல்லது இவர் சாயல் வந்துவிடக் கூடாதென்று மெனக்கெட்டார்கள். தூக்கி நிற்கும் காலர் வைத்த கருப்பு மேலங்கி மட்டும் இவருக்கு முன்பே நாடக மேடையில் வந்துவிட்டது. மேடைப் பலகையில் இருந்த பொறிக்கதவு வழியாக டிராகுலா 'மறையும்' போது நடிகரின் தலை சபைக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத் தைத்த காலர் அது.

1882 அக்டோபர் 20-ல், அன்றைய ஹங்கேரியில் லுகோஷ் என்ற ஊரில் பிறந்தார். இன்று அந்த ஊர் ருமேனியாவில் இருக்கிறது. குடும்பப் பெயர் பிளாஸ்கோ. மேடைக்காக ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டார். வெளியூர் நாடகக் குழுக்களில் அலைந்து, புடாபெஸ்டின் தேசிய நாடக அரங்குக்குப் போய்ச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் காலாட்படையில் இருந்து காயம்பட்டார். ஏசுநாதராகவும் மேடையேறியிருக்கிறார். அந்த வேடத்தில் எடுத்த புகைப்படத்தை இங்கே காட்டினால் யாரும் லேசில் நம்புவதில்லை.

1919-ல் நடிகர்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தார். அதே ஆண்டு ஹங்கேரியின் இடதுசாரி அரசு கவிழ்ந்ததும், அதன் பக்கம் நின்றவர் என்பதால் நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. வியன்னா, பெர்லின் வழியாக 1920 கடைசியில் கப்பலில் வேலையாளாகச் சேர்ந்து அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இறங்கினார். அப்போது வயது 38.

இங்கிலீஷ் தெரியாமலேயே வசனத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சாராமே, நெசமா?

1922-ல் நியூயார்க்கில் முதல் ஆங்கில நாடகத்தில் நடித்தபோது அது உண்மை. பொருள் புரியாமல் ஒலியை மட்டும் பாடம் பண்ணினார். ஆனால் டிராகுலா படம் வந்தது 1931-ல். அதற்குள் மொழி வந்துவிட்டது, உச்சரிப்புதான் போகவில்லை. டிராகுலா நாடகம் 1927 அக்டோபரில் நியூயார்க்கில் தொடங்கி 261 காட்சிகள் ஓடியது. பிறகு ஊர் ஊராகவும் போனது. அத்தனை இரவு பேசிப் பேசி, எந்தச் சொல்லுக்குப் பிறகு எத்தனை நொடி நிறுத்தினால் சபை அடங்கும் என்று தெரிந்துகொண்டார். படத்தில் தெரிகிற அந்த நிறுத்தத்தை மொழி தெரியாத திக்கல் என்று எடுத்துக்கொள்வது தப்பு.

அதே உச்சரிப்பு பின்னால் காலை வாரியது. பக்கத்து வீட்டுக்காரன், வக்கீல், கடைக்காரன் என்று சாதாரண வேடம் எதற்கும் அவரைக் கூப்பிட ஆள் இல்லை.

டிராகுலா படத்துக்கு என்ன சம்பளம் குடுத்தான்?

வாரம் 500 டாலர், ஏழு வாரம். மொத்தம் 3,500. அதே படத்தில் கதாநாயகனாக வந்து ஓரமாக நிற்கும் டேவிட் மேனர்ஸுக்கு வாரம் 2,000 என்று சொல்கிறார்கள்.

யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கு முதலில் இவர் மேல் நாட்டமே இல்லை. அன்றைக்குப் பயமுறுத்தும் வேடங்களின் ராஜா லோன் சேனி. அவர் 1930 ஆகஸ்டில் இறந்துபோனார். பிறகும் ஸ்டூடியோ வேறு வேறு பெயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மேடையில் கைதட்டல் வாங்கிய நடிகர், எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் சரி என்று போய் நின்றார். இப்படி நிற்கிறவரிடம் தயாரிப்பாளர் பேரம் பேசும் அழகு நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொருளாதாரம் விழுந்து கிடந்த 1931-ல் படம் நன்றாக ஓடி, ஸ்டூடியோவை நிமிர்த்தியது. லுகோசி 1932-லேயே திவால் மனு கொடுத்தார். அவர் கை ஓட்டை என்பதும் உண்மை. விருந்து, சுருட்டு, வயலின்காரர்களுக்கு அள்ளிக் கொடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் படம் சம்பாதித்ததில் அவர் கைக்கு வந்தது கிள்ளுக்கீரை அளவுதான்.

டிராகுலாவுக்குக் கோரைப்பல்லே இல்லையே? பாட்டும் இல்ல, பயமும் இல்ல!

ஆமாம், பல் காட்டவே மாட்டார். ரத்தமும் ஒரு காகிதக் கிளிப் விரலில் குத்தும் இடத்தில் வருகிற சொட்டு அளவுதான். பேசும்படம் வந்த புதிது, அதனால் தொடக்க எழுத்துகளுக்குக் கீழே ஓடும் இசையைத் தாண்டிப் பின்னணி இசை என்று ஒன்றும் இல்லை. பயம் வரவில்லை என்றால் குறை சொல்ல மாட்டோம். ஆனால் மாடிப்படியில் அவர் விளக்கோடு நிற்கும் காட்சியை மின்விசிறியை அணைத்துவிட்டு ஒரு தடவை பாருங்கள். அதே செட்டில் இரவு நேரத்தில் வேறு குழு வந்து ஸ்பானிய மொழியில் இன்னொரு டிராகுலா எடுத்தது. கேமரா வேலையில் அதுதான் உசத்தி என்று எங்களுக்குள்ளேயே ஒரு கோஷ்டி உண்டு. நடிகருக்காக இதைப் பார்ப்போம்.

ஃபிராங்கன்ஸ்டைன் வாய்ப்ப அவரே தட்டிவிட்டாராமே?

அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். முகம் தெரியாத ராட்சசன் வேடம், வசனமே இல்லாமல் உறுமுவது, இது எனக்குத் தேவையா என்று உதறினாராம். சோதனைப் படப்பிடிப்பு வரை போனது உண்மை. ஆனால் இயக்குநர் மாறி ஜேம்ஸ் வேல் வந்ததும் திட்டமே மாறிவிட்டது. அவர் தேர்ந்தெடுத்தது போரிஸ் கார்லாஃப் என்ற, அதுவரை அதிகம் பேர் அறியாத நடிகரை. இவர் விட்டாரா, அவர்கள் விட்டார்களா என்பதில் இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருக்கும். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து நடித்த படங்களில் கார்லாஃப் பெயர்தான் முதலில் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1943-ல், 60 வயதில், அதே ராட்சசன் வேடத்தை லுகோசி போட வேண்டி வந்தது. அந்தப் படத்தில் ராட்சசன் பேசுவான், கண் தெரியாது என்று எழுதியிருந்தார்கள். படம் முடிந்த பிறகு வசனத்தை எல்லாம் வெட்டிவிட்டார்கள். கண் தெரியாது என்ற தகவலும் வசனத்தோடு போய்விட்டதால், அவர் கையை நீட்டித் தடவிக்கொண்டு நடப்பது வெறும் கோமாளித்தனமாகத் தெரிந்தது. பழி நடிகர் தலையில் விழுந்தது.

நல்ல நடிகர்னா ஏன் சார் அம்புட்டும் குப்பைப் படமா இருக்கு?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். பதிலும் நீளம்.

1936-ஐ ஒட்டி பேய்ப்படங்களுக்குச் சந்தை படுத்துவிட்டது. பிரிட்டனில் 1937-ல் இவற்றுக்கென்றே 'எச்' என்ற தனிச் சான்றிதழ் வந்து, சிறுவர்களை உள்ளே விடாமல் செய்தார்கள். ஹாலிவுட்டுக்குப் பிரிட்டன் பெரிய வெளிச் சந்தை. யுனிவர்சலும் கை மாறியது. எல்லாமாகச் சேர்ந்து ஸ்டூடியோக்கள் பேய்களை மூட்டை கட்டி வைத்தன. மற்ற நடிகர்கள் வேறு வேடத்துக்குப் போனார்கள். இவருக்குப் போக இடம் இல்லை. வீட்டை இழந்தார். 1938 தொடக்கத்தில் மகன் பிறந்தபோது ஆஸ்பத்திரிச் செலவைத் திரைத்துறை நல நிதி கட்ட வேண்டிய நிலை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நொடித்துப்போயிருந்த ஒரு தியேட்டர்காரர் டிராகுலா, ஃபிராங்கன்ஸ்டைன், இன்னொரு படம் என்று மூன்றையும் ஒரே டிக்கெட்டில் ரீ-ரிலீஸ் செய்தார். கூட்டம் தெருவை அடைத்தது. லுகோசியே நேரில் போய் நின்றார். அதைப் பார்த்துத்தான் ஸ்டூடியோக்களுக்குப் பேய் மறுபடி ஞாபகம் வந்தது. 1939-ல் 'சன் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் கழுத்து முறிந்த ஈகோர் என்ற கிழவனாக வந்தார். மேலங்கி இல்லை, மிடுக்கு இல்லை. அழுக்குத் தாடி, நக்கல் சிரிப்பு. அவர் நடித்ததிலேயே இதுதான் உச்சம் என்பது எங்கள் கட்சி. இதைப் பார்த்துவிட்டு 'அவருக்கு ஒரே வேடம்தான் தெரியும்' என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

1941-லிருந்து 1944-க்குள் மோனோகிராம் என்ற சிறு கம்பெனிக்கு ஒன்பது படம் செய்தார். குப்பை என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். அந்தக் கம்பெனிகள் ஓடிய கணக்கு எளிது. அன்றைக்கு அமெரிக்கத் தியேட்டர்களில் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம். முதல் படத்துக்கு வசூலில் பங்கு. துணைக்கு ஓடும் இரண்டாவது படத்துக்கு நம் ஊரில் ஃபிக்ஸட் ஹையர் என்பார்களே, அதைப்போல ஒரே வாடகை. அரங்கு நிரம்பினாலும் காலியாக இருந்தாலும் தயாரிப்பாளருக்கு வரும் காசு மாறாது. அப்படியானால் லாபம் பார்க்க ஒரே வழி செலவைக் குறைப்பதுதான். ஓரிரு வாரத்தில் படம் முடிய வேண்டும், ஒரே செட்டைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும், நடிகர் தடுமாறினாலும் இரண்டாவது டேக் கிடையாது. படத்தை விற்க போஸ்டரில் ஒரு பெயர் மட்டும் போதும். லுகோசியின் பெயரை அவர்கள் வாங்கினார்கள், நடிப்பு இலவசமாகக் கூட வந்தது. டி.கே. ஏரியாவுக்கு, அதாவது திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்துக்கு, படம் விற்கிற எவரையும் கேளுங்கள், இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

எங்களுக்கு இந்த மாதிரிச் சிறு கம்பெனிப் படங்கள் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதை உருப்படியாக இருக்காது, வௌவால் நூலில் தொங்குவது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அவர் ஒரு காட்சியையும் அலட்சியமாகச் செய்ததில்லை. ரப்பர் வௌவாலிடம் பேசும்போதும் தேசிய அரங்கில் நிற்பதாகவே நினைத்துப் பேசுவார்.

போதைப் பழக்கத்துல அழிஞ்சவர்தானே?

கால் நரம்பு வலிக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த மார்ஃபினில் தொடங்கியது. வலி போகவில்லை, மருந்தும் விடவில்லை. 1955 ஏப்ரலில், 72 வயதில், தானாகப் போய் அரசு மருத்துவமனையில் சேர்ந்து, தனக்குச் சிகிச்சை வேண்டும் என்று கேட்டார். பத்திரிகைகள் படத்தோடு போட்டன. அந்தக் காலத்தில் ஒரு நடிகர் இதை வெளியே சொல்வது நடக்காத காரியம். ஆகஸ்டில் வெளியே வந்தார், அதே மாதம் ஐந்தாவது கல்யாணமும் நடந்தது. அழிந்தவர் என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்தலாம்.

எட் வுட் அவரை ஏமாத்திப் பொழச்சாரா, காப்பாத்துனாரா?

இதற்கு எங்கள் அறையில் சண்டையே நடந்திருக்கிறது. எட் வுட் மலிவுப் படங்கள் எடுத்த இயக்குநர். கையில் காசும் இல்லை, கலையும் குறைவு. லுகோசி மேல் பிரியம் மட்டும் அளவுக்கு மேல். 1953-லும் 1955-லும் வந்த இரண்டு படங்களில் அவரை நடிக்க வைத்தார். கொடுத்தது சொற்பம். ஆனால் வேறு எவரும் கதவைத் தட்டாத நாளில் கால்ஷீட் கேட்டு வந்தது அவர் ஒருவர்தான். எழுதுகிறவன் கருத்து: பெயரை விற்றார், அதே கையால் வேலையும் கொடுத்தார். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செத்ததுக்கு அப்புறம் எப்படி ஒரு படத்துல நடிச்சார்?

நடிக்கவில்லை. இறப்பதற்கு முன் வேறு உத்தேசத்தில் எடுத்த சில நிமிடத் துண்டுகள் வுட் கையில் இருந்தன: வீட்டு வாசலில் பூவை முகர்வது, மேலங்கியோடு உலாவுவது. லுகோசி 1956 ஆகஸ்ட் 16-ல், 73 வயதில் இறந்த பிறகு அந்தத் துண்டுகளை வைத்து 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' எடுத்தார்கள். மிச்சக் காட்சிகளுக்கு டூப். வுட் மனைவிக்கு முதுகு வைத்தியம் பார்த்தவரைக் கூட்டிவந்து, மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். உயரம் ஒட்டவில்லை, நடை ஒட்டவில்லை. உலகின் மிக மோசமான படம் என்று பின்னால் பட்டம் கட்டினார்கள். அந்தப் பட்டத்துக்காகவே இன்றும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். 1994-ல் எட் வுட் வாழ்க்கையை டிம் பர்ட்டன் படமாக்கியபோது, லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. லுகோசிக்கு ஒரு பரிந்துரைகூட வந்ததில்லை.

சவப்பெட்டிக்குள்ளயும் டிராகுலா வேஷத்துலதான் படுத்திருந்தாராமே?

மேலங்கியோடு அடக்கம் செய்தது உண்மை. அவர் கேட்டுக்கொண்டதாகப் பரவலாக எழுதுகிறார்கள். அப்படி இல்லை, அது அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து நானும் அம்மாவும் எடுத்த முடிவு என்று மகன் சொல்லியிருக்கிறார்.

அவர் மூஞ்சி போட்ட பனியன், பொம்மை எல்லாம் விக்காங்களே, காசு யாருக்குப் போவுது?

ஒரு வழக்கறிஞர் கேட்ட கேள்வி, நல்ல கேள்வி. யுனிவர்சல் டிராகுலா பொம்மைகளுக்கு உரிமம் விற்றபோது, அது என் கணவர் முகம், என் அப்பா முகம் என்று மனைவியும் மகனும் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. 1979-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொன்னது: தன் முகத்தைப் பயன்படுத்திச் சம்பாதிக்கும் உரிமை அவரோடு முடிந்தது, வாரிசுக்கு இறங்காது. இந்தத் தீர்ப்பு கிளப்பிய சூட்டில், இறந்த பிரபலங்களின் உருவத்துக்கு வாரிசுகள் உரிமை கோரலாம் என்ற சட்டம் 1985-ல் அங்கே அமலுக்கு வந்தது. லுகோசியின் மகன் வக்கீல்; அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். நம் பக்கம் பார்த்தால், தன் பெயரையும் பாணியையும் வைத்து எடுத்த ஓர் இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் போன வழக்கில் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தடை கொடுத்தது. உயிரோடு இருக்கிறவர் கேட்டார், கிடைத்தது.

நம்ம சீமையில இப்படி வேஷத்துல மாட்டிக்கிட்ட ஆள் உண்டா?

மாட்டிக்கொள்ளாமல் தப்பிய ஆள் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர்; தூத்துக்குடிப் பக்கம், அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா. எமன், சனீஸ்வரன், இரணியன் என்று மிரட்டும் வேடங்களில் பேர் வாங்கினார். ஒரு தடவை சனீஸ்வரன் வேடம் கலைக்காமல் விடியற்காலையில் நீர்நிலைக்குப் போக, துணி துவைக்க வந்த கர்ப்பிணி அவரைப் பார்த்து அதிர்ந்து விழுந்தார் என்றும், எமன் வேடத்தின்போது சபையில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தது என்றும் நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். அதோடு வேடம் கட்டுவதை விட்டார். அவரால் விட முடிந்தது, ஏனென்றால் கையில் பாட்டும் வசனமும் இருந்தன. வாத்தியாராக உட்கார்ந்து நாடகம் நாடகமாக எழுதினார். 1918-ல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே உருவானவர்கள்.

குலசை தசராவுக்குக் காளி வேடம் கட்டுகிறவர் விரதம் இருந்து, காப்புக் கட்டி, வீடு வீடாகப் போவார். முத்தாரம்மன் கோயிலில் சூரசம்ஹாரம் முடிந்து காப்பு அறுத்துவிட்டால் அவர் மறுபடி லாரி டிரைவர், இல்லை மளிகைக் கடை அண்ணாச்சி. ஊரும் அப்படியே பார்க்கும். சினிமாவில் காப்பு அறுத்துவிடுகிற பூசாரி கிடையாது. நடிகர் ஊருக்குத் திரும்பினாலும், வேடத்தைப் படச்சுருள் தினம் தினம் ஓட்டிக்கொண்டே இருக்கும். எங்களுக்கு லுகோசி கதையில் உறைப்பது இதுதான். டிராகுலாவாக இவர் முழுநீளப் படத்தில் வந்தது 1931-லும், 1948-ல் ஒரு நகைச்சுவைப் படத்திலும், ஆக இரண்டே தடவை. நூற்றுக்கு மேல் வேடம் போட்டவரை அந்த இரண்டை வைத்தே ஆயுசுக்கும் கூப்பிட்டார்கள். நம்பியார் சபரிமலைக்கு எத்தனை தடவை குருசாமியாகப் போய்வந்தார்! தெருவில் கண்டால் பெண்கள் ஒதுங்கித்தான் போனார்கள்.

எதுல ஆரம்பிச்சுப் பார்க்கணும்? பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?

நேராக டிராகுலாவுக்குப் போகாதீர்கள், இன்றைய கண்ணுக்கு அது மெதுவாக ஊர்ந்து போகும். 1934-ல் வந்த 'தி பிளாக் கேட்' ஒரு மணி நேரம் சொச்சம்தான். கார்லாஃபும் இவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், இவருக்கு அதில் இரக்கம் வரவழைக்கும் பாத்திரம். அடுத்து ஈகோர். அதற்குப் பிறகு டிராகுலா. 1932-ன் 'ஒயிட் ஸாம்பி' காப்புரிமை இல்லாத படம் என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்; ஆனால் தேய்ந்த பிரதிகளே அதிகம், தெளிவானதாகப் பார்த்து எடுங்கள். மோனோகிராம் படங்களைத் தனியாகப் பார்த்தால் தூக்கம் வரும், நாலு பேரோடு பாருங்கள். 'பிளான் 9' எல்லாவற்றுக்கும் கடைசி. அவரை அறியாமல் அதைப் பார்த்தால் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

பிள்ளைகளுக்கு 1948-ன் நகைச்சுவைப் படம் சரி. எட்டு வயதுக்கு மேல் தாராளமாக அழைத்து வாருங்கள். 'தி பிளாக் கேட்' கடைசியில் தோலை உரிக்கும் காட்சி நிழலில் வருகிறது, அதற்கு மட்டும் சின்னதுகளை வீட்டில் விட்டுவிடுங்கள். படம் சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கும். கடைசி பஸ் பிடிக்க வேண்டிய அம்பாசமுத்திரம், தென்காசிக்காரர்கள் கேள்வி நேரத்துக்கு நிற்காமல் கிளம்பலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்.